செலாசியின் முதல் வார்த்தை

செப்டம்பர் 3, செவ்வாய்

மழை விடுவதாக இல்லை. காலையிலிருந்து நானும் என் மகள் செலாசியும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தோம். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, செம்பனை எண்ணெயில் தோய்த்து, காகிதத்தில் அச்சுக் குத்தக் கற்றுக்கொடுத்தேன். பூப்பூவாக விழுந்தது. முதலில் காகிதத்தில் குத்தினாள், பிறகு தன் வயிற்றில், பிறகு சுவரில். கடைசியாக என் வெள்ளைச் சட்டையில். வெளியே போட்டுக்கொண்டு போகிற மாதிரி இருந்தது அந்த ஒன்றுதான். மிச்ச வெண்டைக்காய் மத்தியானக் குழம்புக்குப் போயிற்று.

எசினாம் இருந்திருந்தால் சட்டைக்காக என்னைத்தான் திட்டியிருப்பாள். திட்டுவதற்கும் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. என் மனைவி ஜனவரி கடைசியில் இங்கிலாந்துக்குப் போனாள். முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ் வேலை, ஒரு வருட ஒப்பந்தம். முடிந்ததும் வந்துவிடுவேன் என்றுதான் சொன்னாள். இப்போது கேட்டால் ‘பார்ப்போம்’ என்கிறாள். இந்தப் ‘பார்ப்போம்’ எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் போனபோது செலாசி பேச ஆரம்பிக்கவில்லை. இன்னும் இல்லை. இந்த மாதம் இரண்டு வயது முடிகிறது. ஒரு ‘ம்’, ஒரு ‘ஊ’, ஒரு விரல் நீட்டல், இவற்றை வைத்தே எல்லாக் காரியத்தையும் சாதித்துக்கொள்கிறாள். அப்பனோ பேச்சை வைத்துப் பிழைப்பவன். தினம் மாலை ஆறு மணிக்கு ஹோ நகரம் முழுக்கக் கேட்க எங்கள் எவே மொழியில் ரேடியோ செய்தி வாசிக்கிறேன். அந்த நேரத்தில் குழந்தையைப் பக்கத்து வீட்டு அப்லா அக்கா பார்த்துக்கொள்கிறாள். வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் ‘ம்’, ‘ஊ’. இன்றைக்கு மழைச் சத்தத்தில் அதுவும் சரியாகக் கேட்கவில்லை.

செப்டம்பர் 5

மரவள்ளி மாவில் பசை காய்ச்சினேன், அட்டை வீடு ஒட்டுவதற்கு. பாதியை அவள் தின்றுவிட்டாள். வீடு நிற்கவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

அங்கிருந்து ஊருக்கு வந்த யாரோ ஒருவர் மூலம் எசினாம் ஒரு பார்சல் கொடுத்தனுப்பியிருந்தாள். குழந்தைக்குக் கம்பளிச் சட்டை (இந்த ஊர் வெயிலுக்கு!), எனக்கு ஒரு பேனா, ஒரு பெட்டி நிறையப் படஅட்டைகள். பந்து, நாய், வாழைப்பழம், கீழே இங்கிலீஷில் பெயர்.

கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றாகப் பரிசோதித்தேன். பழக்க தோஷம். ரேடியோ நிலையத்தில் செய்திக் குறிப்பில் ஓர் இங்கிலீஷ் சொல் நுழைந்தால் நான்தான் முதலில் குதிப்பேன், பையன்கள் என்னை ‘வாத்தியார்’ என்பார்கள். ஓர் அட்டையில் மஞ்சள் முடிப் பெண் ஒருத்தி, கீழே ‘மாமா’. அவர்களுக்கு அப்படியென்றால் அம்மா. எங்கள் மொழியில் மாமா என்றால் பாட்டி. இருபது வயதுப் பெண்ணைக் காட்டிப் பாட்டி என்று சொல்லிக்கொடுத்தால் குழந்தை உருப்படுமா? அந்த அட்டையைத் தூக்கி அலமாரி மேல் போட்டுவிட்டேன். ஏதோ பெரிய ஆபத்தைத் தடுத்துவிட்ட திருப்தி எனக்கு.

செப்டம்பர் 10, செவ்வாய்

பேசிவிட்டாள்!

சோளமாவு பிசைந்துகொண்டிருந்தோம். அக்ப்லே களி கிண்டுவதற்கு முன் அவளுக்கு ஓர் உருண்டை கொடுத்துவிடுவேன், அவள் அதில் பாம்பு செய்வாள். கையில் மாவோடு அட்டைகளை இழுத்துப் போட்டாள். ஓர் அட்டையை எடுத்துப் பார்த்தாள், என் தாடியைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் பார்த்தாள். “டாடா” என்றாள். தெளிவாக. செய்தி வாசிப்பவனின் மகள் என்று ஊர் சொல்லும்படி.

அட்டையில் தாடி வைத்த ஆள். நேற்று நானேதான் படம் படமாகக் காட்டி இங்கிலீஷில் வாசித்தேன். இதுவும் அதில் ஒன்று. அட்டை அச்சடித்தவர்களுக்கு டாடா என்றால் அப்பா. எங்களுக்கு டாடா என்றால் அம்மா. பாட்டியைத் தடுத்த புத்திசாலி அம்மாவைக் கோட்டை விட்டுவிட்டேன்.

திருத்தியிருக்க வேண்டும். ஆனால் மாவுக் கையோடு என் முகத்தைப் பிடித்துக்கொண்டு “டாடா, டாடா” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள், எந்த மனுஷன் இலக்கணம் பேசுவான்? ஏழு மாதமாக யாரும் என்னை ஒன்றும் கூப்பிடவில்லை இந்த வீட்டில்.

செப்டம்பர் 15, ஞாயிறு

எசினாமுக்கு ஞாயிறுதான் விடுமுறை. படத்தோடு போனில் வருவாள். இன்று மணி அடித்ததும் செலாசி ஓடிவந்து “போன்! போன்!” என்றாள். எசினாம் முகம் தெரிந்ததும் அதைத் தொட்டு மறுபடி “போன்” என்றாள். போன் என்பது அந்தப் பெட்டி அல்ல, அதில் தெரிகிற பொம்பளை. சந்தேகமே இல்லை.

எசினாம் சிரித்தாள். “அடியே, நான் போனாடி? என்னைப் பாரு, நான் போனா?” செலாசி போனைப் பின்பக்கம் திருப்பி அங்கே ஆள் இருக்கிறதா என்று பார்த்தாள். எசினாம் இன்னும் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. “வேற என்ன பேசறா?” என்று கேட்டாள். “நாய், பந்து” என்றேன். டாடாவைச் சொல்லவில்லை. இன்று வேண்டாம் என்று தோன்றியது.

செப்டம்பர் 21, சனி

கிழங்குத் திருவிழா. புதுச் சேனைக்கிழங்கு வெட்டி ஊரே குடித்துக் கும்மாளம். நடுத்தெருவில் மேளம். செலாசிக்குக் காய்ச்சல், கதவைச் சாத்திவிட்டு நாங்கள் இருவரும் உள்ளே. ஜன்னல் வழியாகத் தெரிந்த ஆட்களைப் பார்த்து அவள் கையாட்டினாள்.

பெண்டாட்டி வெளிநாட்டில், புருஷன் வீட்டில் பிள்ளை வளர்க்கிறான் என்றால் எந்தக் கூட்டத்தில் போய் நிற்பது? ஆண்கள் “சும்மா இருக்கறப்ப வாப்பா” என்கிறார்கள். குழாயடியில் பெண்கள் நான் குடத்தோடு போனதும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அப்லா அக்கா ஒருத்திதான் நிறுத்துவதில்லை. அவள் யாருக்காகவும் நிறுத்துவதில்லை. சாயங்காலம் கிழங்குக் களி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள்: “தம்பி, உன் மூஞ்சி கருமாதி வீட்டு மூஞ்சி மாதிரி இருக்கு. பிள்ளைக்குக் காய்ச்சல் உன்னைப் பாத்தே வந்திருக்கும்.”

களி நன்றாக இருந்தது. நான் தின்றேன், செலாசி தூங்கினாள்.

அக்டோபர் 2, புதன்

என்ன செய்வதென்று தெரியவில்லை.

செய்தி முடித்து அப்லா அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் யாகயாகேயை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். மரவள்ளி மாவை ஆவியில் வேகவைத்து விற்பது அவள் பிழைப்பு. மாலை நேரம் கை ஓயாது, ரேடியோவும் ஓயாது. செலாசி அழுது ஓய்ந்த முகத்தோடு மூலையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள்.

“பாவம் தம்பி பிள்ளை” என்றாள் அக்கா. “தெனம் இதே கதைதான். ஆறு மணி ஆனா போதும், டாடா டாடான்னு ஒரே அழுகை. பெத்தவ ஞாபகம் வந்துடுது. பொழுது சாயறப்ப பிள்ளைங்களுக்கு ஆத்தா நெனப்பு வரும்ல. எனக்கே மனசு கேக்கல. மத்தியானம் எசினாமுக்கு ஒரு வாய்ஸ் போட்டு விட்டுட்டேன். அவளும் தெரிஞ்சுக்கட்டும்னு.”

ஆறு மணிக்குச் செலாசி அழுவது எனக்காக. அக்காவின் ரேடியோவில் நான் பேசுகிறேன், ஆனால் நான் அங்கே இல்லை. ‘டாடா’ என்று பெட்டியைப் பார்த்து அழுகிறாள். அக்காவுக்கு எவே தவிர வேறொன்றும் தெரியாது. அவளுக்கு டாடா என்றால் அம்மாதான். வேறு எப்படிப் புரிந்துகொள்வாள்? குற்றம் என்னுடையது. அப்போதே சிரித்துச் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். அக்காவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். வாயைத் திறந்தேன். “ஆமாக்கா” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? எசினாம் இதைக் கேட்டால் வந்துவிடுவாள். அதுதான். பிள்ளை அழுகிறது என்று தெரிந்தால் அடுத்த விமானம் பிடிப்பாள். அதற்காகத்தான் சொன்னேன் ‘ஆமாக்கா’. எழுதிவிட்டேன், இனி மறைக்க ஒன்றுமில்லை.

அக்டோபர் 3

காலையிலேயே எசினாம் அழைத்தாள். கண்கள் வீங்கியிருந்தன. ஆனால் முகம், அவள் போனதிலிருந்து நான் பார்க்காத முகம்.

“செனியோ, அவ என்னை மறக்கல.”

“ம்.”

“நான் எவ்வளவு பயந்தேன் தெரியுமா? போன்னு கூப்பிட்டாளே அன்னிக்கு, ராத்திரி பூரா தூங்கல. போச்சு, எல்லாம் போச்சுன்னு நெனச்சேன். ஜனவரில வந்துடலாம்னு முடிவே பண்ணிட்டேன். இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுன்னு கேக்கறாங்க, முடியாதுன்னு சொல்லிடலாம்னு இருந்தேன். இப்ப தைரியம் வந்துடுச்சு. என்னை அம்மான்னு நெனச்சு அழறாள்ல, அது போதும். ரெண்டு வருஷம் ஓட்டிடுவேன். வீடு கட்டிடலாம், செனியோ. நவம்பர் கடைசில கையெழுத்து.”

வரப்போகிறவளை நானே நிறுத்திவிட்டேன். ஒரு ‘ஆமாக்கா’வால்.

“நல்லது” என்றேன்.

அக்டோபர் 4

ஏன் நல்லது என்றேன்? என்ன நல்லது? மடையன்.

அக்டோபர் 6, ஞாயிறு

இன்று சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அவள் ஒரு மணி நேரம் செலாசிக்குப் பாட்டுப் பாடினாள். செலாசி பாதியில் எழுந்துபோய் வேர்க்கடலைத் தோலைப் பாத்திரத்தில் போட்டு எடுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். எசினாமுக்குக் கோபமே வரவில்லை, “வெளையாடட்டும், எனக்குத் தெரியும் அவ மனசு” என்றாள். இதற்கு மேல் எப்படிச் சொல்வது? ‘அவ மனசுல நீ இல்ல, எசினாம், நான்தான் இருக்கேன்’ என்றா? சொன்னால் அவள் ஜனவரியில் வந்துவிடுவாள். எனக்கு வேண்டியது அதுதான். அதனாலேயே சொல்ல முடியவில்லை. என் சுயநலத்துக்காக அவள் வயிற்றில் அடித்த மாதிரி ஆகிவிடும்.

சொல்லாவிட்டால் இரண்டு வருஷம்.

அக்டோபர் 9

ஒரு வழி தோன்றியது. பொய்யை உண்மையாக்கிவிடுவது. குழந்தைக்கு என்ன, கற்றுக்கொடுத்தால் கற்றுக்கொள்ளும். எசினாம்தான் டாடா, நான் பப்பா. அப்புறம் யாரும் யாரையும் ஏமாற்றியதாக ஆகாது. அவள் அங்கே நிம்மதியாக இருப்பாள். நான்? என் கதை அப்புறம்.

போட்டோ ஸ்டுடியோவில் எசினாமின் தேவாலய உடைப் படத்தைப் பெரிதாக அச்சுப் போட்டுக்கொண்டு வந்தேன். நானும் செலாசியும் அதை அட்டையில் ஒட்டினோம். பசையில் உப்பை அள்ளிப் போட்டேன், தின்னாமல் இருக்க. சுற்றிலும் எசினாமின் பழைய துணியில் கத்தரித்த துண்டுகள், வெண்டைக்காய்ப் பூக்கள். அழகாக வந்தது. கதவுக்கு எதிரே மாட்டினேன்.

“இது யாரு? டாடா. சொல்லு, டாடா.”

செலாசி படத்தை உற்றுப் பார்த்தாள். “போன்” என்றாள்.

அக்டோபர் 11

என்னைத் தொட்டுக் காட்டி “பப்பா” என்று பத்துத் தடவை சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. எழுந்து சமையலறைக்கு ஓடி, கூடையைக் கவிழ்த்து, பப்பாளிப் பழத்தை உருட்டிக்கொண்டு வந்தாள். இங்கிலீஷில் அதற்கும் ஏறக்குறைய அதே பெயர்தான், சந்தைக்காரிகள் கூவிக் கூவி அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. வெட்டிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

அக்டோபர் 19, சனி

விடாமல் நடத்துகிறேன். அக்ப்லே உருட்டும்போது படத்துக்கு எதிரே ஒரு சின்ன உருண்டை: “இது டாடாவுக்கு.” தூங்கும்முன் படத்துக்கு ஒரு முத்தம்: “டாடாவுக்கு.” பால் டப்பா மூடிகளில் ஒரு முகம், கறுப்பு நூலில் முடி, “டாடா முடி.” அவள் என்னை டாடா என்றால் காது கேட்காதவன் மாதிரி இருக்கிறேன். பப்பா என்றால்தான் திரும்புவேன். இன்று “டாடா, டாடா, டாடா” என்று முதுகில் தட்டிக்கொண்டே இருந்தாள். திரும்பவில்லை. அழுதாள். அப்போதும் திரும்பவில்லை.

என்ன ஜென்மம் நான்.

அக்டோபர் 27, ஞாயிறு

அங்கே இன்றிலிருந்து கடிகாரத்தைத் திருப்பிவிட்டார்களாம். இனிமேல் குளிர்காலம் முழுக்க அந்த ஊருக்கும் இந்த ஊருக்கும் ஒரே மணி. “உனக்கு ஆறுன்னா எனக்கும் ஆறு, செனியோ” என்றாள் எசினாம், ஏதோ பக்கத்துத் தெருவுக்கு வந்துவிட்டவள் மாதிரி.

நவம்பர் 3, ஞாயிறு

பலித்துவிட்டது. படத்தைக் காட்டி “யாரு?” என்றால் “டாடா” என்கிறாள். கையில் ஒரு வேர்க்கடலை வைத்திருக்க வேண்டும். கடலை இல்லாவிட்டால் பேசாமல் கையை மட்டும் நீட்டுகிறாள். கிளிக்குப் பழக்குவார்களே, அப்படித்தான்.

சாயங்காலம் செய்தி முடிந்து அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் என்னைப் பார்த்துவிட்டுச் செலாசி ஓடிவந்தாள். பாதி வழியில் நின்றாள். வாயைத் திறந்தாள். ‘டா’ என்று வந்தது, அப்படியே மூடிக்கொண்டாள். எது சொன்னால் நான் திரும்புவேன் என்று அவளுக்குத் தெரியவில்லை. கைகளை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தையும் இல்லாமல். செப்டம்பரில் இருந்த மாதிரி.

“இன்னிக்கு அழவே இல்ல தம்பி” என்றாள் அக்கா. “ரேடியோவையே பாத்துட்டு உக்காந்திருந்தா. பழகிடுச்சு போல.”

தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் நான்தான் சொன்னேன், டாடா, டாடா, டாடா இங்கதான்டி இருக்கேன்னு. ரோட்ல போறவன் திரும்பிப் பாத்தான். பாக்கட்டும்.

நவம்பர் 4

படத்தைக் கழற்றவில்லை. கடலையை நிறுத்திவிட்டேன். அவள் டாடா என்றால் திரும்புகிறேன். வேறெதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. இன்று முழுக்கச் சோளக்கதிர் உரித்தோம், பட்டுநூல் முடியை எடுத்துத் தாடி வைத்துக்கொண்டோம், இருவரும்.

நவம்பர் 10, ஞாயிறு

எசினாம் போனில். செலாசியை அடுப்படி முக்காலியில் உட்காரவைத்து, நான் வாழைக்காய் வறுத்துக்கொண்டிருந்தேன். எசினாம் கையெழுத்துப் பற்றிப் பேசினாள். இருபத்தைந்தாம் தேதியாம். பின்னால் சுவரில் தன் படத்தைப் பார்த்துவிட்டாள். “அது யாருடி செல்லம்?” செலாசி திரும்பிப் பார்த்து “டாடா” என்றாள். கடலைக்காகக் கையை நீட்டினாள். எசினாமுக்கு அந்தக் கை தெரியவில்லை. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அப்புறம் முக்காலி சரிந்தது. விரல் நசுங்கிவிட்டது. வீறிட்டாள், “டாடா! டாடா!” போனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “டாடா, டாடா” என்று என் தாடிக்குள் அழுதுகொண்டே இருந்தாள். நான் விரலை ஊதினேன். வாழைக்காய் கருகிற்று.

அழுகை அடங்கியதும் எசினாம் கேட்டாள்.

“செனியோ. அவ யாரைக் கூப்பிடறா?”

“என்னை.”

“எப்பலேர்ந்து?”

“செப்டம்பர்லேர்ந்து. நீ அனுப்பின அட்டைல தாடிக்காரனுக்கு டாடான்னு போட்டிருந்துது. என்னைப் பாத்து அப்படியே பிடிச்சுக்கிட்டா.”

“அப்ப அப்லா அக்கா சொன்னது?”

“ஆறு மணிக்கு ரேடியோல என் குரல் கேக்கும்ல. அதான் அழுவா.”

அவள் முகத்தைப் பார்க்கவில்லை நான். குழந்தையின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உனக்கு அன்னிக்கே தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் நல்லதுன்னு சொன்ன.”

“நீ சந்தோஷமா இருந்த, எசினாம். அப்படி ஒரு மூஞ்சி நான் பாத்து எவ்வளவு நாள் ஆச்சு.”

போனை வைத்துவிட்டாள்.

நவம்பர் 11

அழைக்கவில்லை.

நவம்பர் 12

இன்றும் இல்லை. அப்லா அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. “என் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிக் குடு தம்பி” என்றாள். சொல்லிவிட்டு யாகயாகே ஒன்று கூடுதலாகக் கட்டிக் கொடுத்தாள்.

நவம்பர் 13

சமைக்கவில்லை. அக்கா கொடுத்ததைத்தான் தின்றோம்.

நவம்பர் 16, சனி

எசினாமிடமிருந்து குரல் செய்தி வந்திருக்கிறது. பலமுறை கேட்டுவிட்டேன், எழுதி வைக்கிறேன்.

“செனியோ, ஆறு நாளா உன்மேல கோவமா இருந்தேன். இப்பவும் இருக்கு, நீ தப்பிச்சுட்டன்னு நெனைக்காத. ஆனா ஒண்ணு யோசிச்சேன். அவ என்னை நெனச்சு அழறான்னு கேட்டப்ப, எனக்கு ரெண்டு வருஷம் கையில இருக்குன்னு தோணுச்சு. அழறவ காத்துட்டு இருப்பா. இவ அழவே இல்ல. என்னைத் தெரிஞ்சாத்தானே அழறதுக்கு? அப்ப எனக்கு எங்க ரெண்டு வருஷம் இருக்கு? ஒரு நாள்கூட இல்ல. கையெழுத்துப் போடல. ஜனவரில வரேன். வீடு மெதுவாக் கட்டிக்கலாம். அந்தப் படத்தைக் காட்டி அவளுக்கு எதுவும் பழக்காத. அந்த வார்த்தை உன்னோடதுதான், நீதான் பக்கத்துல இருந்த. எனக்கு வேணும்னா நான் வந்து அவகிட்டயே வாங்கிக்கறேன்.”

செலாசி என் மடியில் இருந்தாள். “போன்” என்றாள், சரியாக.

டிசம்பர் 22

வறட்டுக் காற்று ஆரம்பித்துவிட்டது. வீடெல்லாம் புழுதி. மேசைப் புழுதியில் செலாசி விரலால் கோடு போடுகிறாள். நான் பக்கத்தில் ஒரு வீடு போட்டேன். அவள் ஒரே தேய்ப்பில் அழித்துவிட்டாள்.

ஜனவரி 26, ஞாயிறு

எசினாம் வந்துவிட்டாள்.

வண்டி நிறுத்தத்தில் செலாசி என் காலுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். எசினாம் புழுதியிலேயே முட்டி போட்டு உட்கார்ந்தாள், கிட்டே வரவில்லை. செலாசி மெதுவாகப் போய் அவள் கன்னத்தில் ஒரு விரலை வைத்தாள். பக்கவாட்டில் இழுத்துப் பார்த்தாள், போனில் படத்தைத் தள்ளுவது போல. முகம் மாறவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். “போன்?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அப்லா அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். எசினாமும் சிரித்தாள். நான் பெட்டிகளை எண்ணுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜனவரி 30, வியாழன்

சாயங்காலம் செய்தி வாசிக்கப் போகவில்லை, விடுப்பு. முற்றத்தில் நானும் எசினாமும் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். ஒரு வருடம் போனில் பேசிப் பேசி நேரில் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அவள் நறுக்கும் துண்டு பெரிதாக இருக்கிறது என்று நினைத்தேன். சொல்லவில்லை. செலாசி குளியல் மறைப்புக்குள் தண்ணீர்த் தொட்டியில் தனியாகக் குவளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தாள்.

“டாடா!” என்று உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

நான் பாதி எழுந்தேன். எசினாமும் எழுந்திருந்தாள். நான் உட்கார்ந்துகொண்டேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவள் போனாள், வேகமாக, கிட்டத்தட்ட ஓட்டமாக.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. பிறகு செலாசியின் குரல், கோபமாக: “நீ இல்ல! டாடா!”

நான் தலையைத் தூக்கவில்லை. எசினாம் திரும்பி வந்தாள். முழங்கை வரை ஈரம். என் பக்கத்தில் நின்று ஈரக் கையை என் சட்டை முதுகில் துடைத்தாள், பழைய நாட்களில் துடைப்பது போலவே. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அப்புறம் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

“எந்திரி, டாடா” என்றாள் என்னிடம். “பிள்ளை உன்னைத்தான் கூப்பிடறா.”

போனேன். அவளும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றுகொண்டாள்.